கடல் தெரியாத மண்டபம்

இன்று கம்பஸில் காற்றோட்டம் பற்றி ஸ்லைட் ஓடினால் எனக்குக் கொட்டாவிதான். அந்த வித்தையை பள்ளியில் ஆண்டு நாலு படிக்கையிலேயே பார்த்துவிட்ட திமிர்.

சுனாமி அடித்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. களுதாவளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் பொதுமண்டபம் ஒன்றுக்குப் படம் கீறும் வேலை மாமிக்கு வந்தது. மாமி அப்பாவின் தங்கை. கட்டடப் படம் கீறுவதுதான் தொழில். ஊர்க்கூட்டத்தில் படத்தை விரித்து, கடல் பக்கம் முழுக்க யன்னல் என்றார். பெண்கள் எழும்பிவிட்டார்கள். முதலில் எழும்பியது அம்மா. என் தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு, வீட்டுக் கிழக்கு யன்னலை ஆணி அடித்து மூடியவர் அவர்.

“கடல் தெரியிற மண்டபத்துக்குள்ள நாங்க காலடி வைக்கமாட்டம் மச்சாள். சுவரை வைங்க.”

“சுவர் வெச்சா கச்சான் காத்து வெக்கைக்க அவிஞ்சு போவீங்க.”

“ஃபேன் போடுங்க.”

“கரண்டுக்கு ஆரைக் கேக்கிற?”

எல்லோரும் சிரித்தார்கள். சண்டையில் வாவிக்கு அந்தப் பக்கம் செல் விழுந்தால் இந்தப் பக்கம் கரண்ட் போகும் காலம் அது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெண்கள் வராத மண்டபத்தில் ஆட்டைத்தான் கட்டலாம் என்று மாமி புறுபுறுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

பிறகு பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு குட்டி மண்டபம் செய்தார். கடல் பக்கத்தில் யன்னலுக்குப் பதிலாக மட்டைக் கீலங்கள், வெளிப்பக்கம் சரிந்தபடி அடுக்காக. உள்ளிருந்து பார்த்தால் வெளித் தரை மட்டும் தெரிந்தது. கூரை உச்சியில் ஒரு நீள வெடிப்பு, அதற்கு மேல் தொப்பி மாதிரி இன்னொரு கூரை. கீலங்களுக்கு வெளியே நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்து, என் கையில் விசிறியைத் தந்தார்.

“மெதுவா வீசு புள்ள. நீதான் இப்ப கடல்காத்து.”

புகை கீலங்களுக்குள் நுழைந்து, தரையோடு தவழ்ந்து, உச்சி வெடிப்பால் நூலாக வெளியேறியது. எனக்குப் புல்லரித்தது. மாமி மந்திரக்காரி என்றே முடிவுகட்டினேன்.

மண்டபம் திறந்த அன்று காலையில் தரைப்பக்கமிருந்து கச்சான் வாட்டியெடுத்தது. மத்தியானம் அது ஓய்ந்து, கடல் பக்கம் காற்று எழும்பிய நேரம் பெண்கள் வந்தார்கள். வெளியே மணல் காலைச் சுட்டது. உள்ளே சேலைத் தலைப்புகள் அசைந்தன. எல்லோரும் ஃபேனைத் தேடி அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கடல் தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து மாமியைக் கேட்டார்.

“இந்தக் காத்து எங்கால வருது?”

பெருமை தாங்காமல் நான்தான் சொன்னேன்: “கடலுக்கால.”

மண்டபமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. மாமியின் முகம் வெளிறியது. அம்மா எழும்பி, வாசலுக்குப் போகாமல், கடல் பக்கச் சரிவுப் பலகைகளுக்கு அருகில் போனார். கண்ணை மூடி, பலகையில் கன்னத்தை வைத்தார். பிறகு இடுக்கில் வாயை வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னார்.

காற்றுக்கு எதிராகப் பேசினால் சத்தம் அங்கால போகாதே. அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஓடினேன். மாமி என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் சொல்ல வந்ததில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவேயில்லை.