கறிக்கு மீன் வராத வீடு

றைஸா பொறாமைக்காரி என்று கண்டக்குழியில் யாரும் சொன்னதில்லை. சொந்தத் தங்கச்சி மாடி வீடு கட்டியபோதுகூட, உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு வந்தவள். அவளுக்கு வயிறெரிந்தது ஒரே ஒருத்தியை நினைத்துத்தான். அதுவும் தான் பெற்ற மகளை நினைத்து.

எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தால் இருக்கிற வீட்டையும் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். பெற்றவர்கள் சின்னதாக வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். றைஸாவும் கல்யாணமானபோது தன் உம்மாவைக் கிளப்பிவிட்டுத்தான் அந்தக் கடற்கரை வீட்டுக்கு வீட்டுக்காரி ஆனாள். அன்றைக்கு உம்மா மூட்டை கட்டியதை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது மகள் ஸஹ்றாவுக்கும் ஃபைஸலுக்கும் நிக்காஹ் முடிந்து தன் முறை வந்ததும், ஒவ்வொரு சட்டியையும் எடுப்பதும் வைப்பதுமாக நின்றாள்.

"இது அவளுக்கு என்னத்துக்கு? அவளுக்கு ஒழுங்கா ஒரு சோறாக்கத் தெரியுமா?" என்று முணுமுணுத்தபடியே பாதிச் சட்டிகளை விட்டுவிட்டு வந்தாள். அவள் கணவர் அலியார் சாமான்களை வண்டியில் ஏற்றினார். குசினியின் பின்வாசலில் தான் வழக்கமாக உட்காரும் பழைய பலகைக் கதிரையை மட்டும் தூக்க விடவில்லை.

"அது அங்கயே கிடக்கட்டும். அந்த வாசலுக்குத்தான் அது சரி," என்றார்.

புது வீடு பெரிய தெருவுக்கு அந்தப் பக்கம், தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது, கூரை ஒழுகவில்லை. ஆனால் கடல் சத்தம் கேட்காது. றைஸாவின் காலைப்பொழுதே அந்தச் சத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விடியும் நேரம் படகுகள் கரைக்கு வரும்போது, அத்தனை எஞ்சின்களுக்குள்ளும் அலியாருடையதை அவள் காது தனியாகப் பிரித்தெடுக்கும். உடனே கேத்தலை அடுப்பில் வைப்பாள். அவர் வலையை உதறிவிட்டு வேலியைத் தாண்டவும் தேத்தண்ணி தயாராகவும் சரியாக இருக்கும். கறிக்கென்று எடுத்துவைத்த மீனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கதிரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். விற்கிற மீன் முதலாளிக்குப் போகும். கறிக்கு எடுத்த மீன் வீட்டுக்காரிக்குப் போகும். அந்த மீன் யார் கைக்குப் போகிறதோ அவள்தான் வீட்டுக்காரி என்பது றைஸாவின் கணக்கு.

புது வீட்டில் காலையில் கேட்டதெல்லாம் பாண் விற்கிற ஆட்டோவின் பாட்டுத்தான். எப்போது கேத்தலை வைப்பதென்றே அவளுக்குப் பிடிபடவில்லை. ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். அலியார் வெறுங்கையோடு வந்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டன்," என்றார்.

"எங்க?"

"மகள்ட வீட்டதான். கறிக்கு எடுத்த மீனையும் அங்க வச்சிட்டன். பழக்கத்துல கால் தானாப் போயிட்டுது புள்ள."

அன்றைக்கு றைஸா சிரித்தாள். மறுநாளும் கால் தானாகப் போனது. அதற்கடுத்த நாளும் போனது. அம்மியில் மீன் கறிக்குக் கூட்டரைத்து வைத்துக்கொண்டு மீனில்லாமல் பருப்புக் கறி ஆக்கினாள். போதாததற்கு ஸஹ்றா ஒரு கோப்பையில் மீன் ஆணம் கொண்டுவந்து, "வாப்பா தந்த மீன் உம்மா, சாப்பிட்டுப் பாருங்க," என்றாள். அவள் போனதும் றைஸா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு கூடியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஆணம் அச்சொட்டாக அவளுடைய கைப்பக்குவத்திலேயே இருந்தது. கோப்பையோடு பூனைக்கு வைத்தாள்.

வீட்டைக் கொடுத்தாயிற்று, சட்டியைக் கொடுத்தாயிற்று, இப்போது மனுஷனையும் அல்லவா எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்குக் கொதித்தது. ஒரு காலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய வீட்டுக்கு நடந்தாள்.

அலியார் பின்வாசலில் கதிரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. உள்ளே ஸஹ்றா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பாக்கு நல்லாத்தான் தேத்தண்ணி ஊத்துறாய் போல மகள்," என்றாள் றைஸா.

ஸஹ்றா கத்தியைப் போட்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"ஊத்தத்தானே வேணும்! உங்கட ஆள் இஞ்ச குடிக்கிறாரு. என்ட ஆள் சந்திக் கடையில குடிக்கிறாரு. மாமா இரிக்கிற இடத்துல கால நீட்டி இரிக்க அவருக்குக் கூச்சமா இரிக்காம். கலியாணம் முடிச்சதுல இருந்து காலைல அவருக்கு ஒரு தேத்தண்ணி என்ட கையால குடுக்கல்ல." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வீட்டத் தந்துட்டீங்க உம்மா. வாப்பா இன்னும் தரல்ல."

இத்தனை நாளும் மகள் அள்ளிக்கொண்டாள் என்று றைஸா கொதித்தாளே, அந்தப் பிள்ளையின் கையிலும் ஒன்றும் இல்லை. வாசலில் இருக்கிற மனுஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தேத்தண்ணியைத் தேடியும் வரவில்லை, மகளைத் தேடியும் வரவில்லை. கடைசியில் ஒரு கதிரையிடமா தோற்றேன் என்று ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"எழும்புங்க," என்றாள்.

அலியார் கோப்பையும் கையுமாக எழும்பினார். றைஸா கதிரையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தெருவே பார்த்தது. அவர் கோப்பையை வாசலில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

புது வீட்டின் பின்வாசலில் கதிரையைப் போட்டாள். அலியார் இருந்து பார்த்தார். எதிரே தென்னைமரங்கள் மட்டும் நின்றன.

"கடல் தெரியல்ல," என்றார்.

"எனக்கும்தான் தெரியல்ல," என்று சொல்லிவிட்டுக் கேத்தலை வைத்தாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. "கறிக்கு மீன்?"

அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார். "அங்கயே... இரி, போய் எடுத்துட்டு வாறன்."

றைஸா அவர் தோளை அழுத்தி இருத்தினாள்.

"வேணாம். அது அந்த வீட்டுக்காரிட மீன். நாளைக்கு எனக்குக் கொண்டாங்க."