இரண்டு டாக்டர்களுக்கு நடுவே ஒரு நாள் பொன்முடி

கோயில், அருவி என்று எழுதுகிறவன் இந்த முறை ஆசுபத்திரிக்குப் போன கதையை எழுதுகிறேன். வயது அறுபத்திரண்டு. போன ஆவணியில் எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள், ஆரம்ப நிலைதான். அறுத்து எடுப்பதா, கதிர்வீச்சா என்று தீர்மானிக்க, மனைவி செல்வியோடு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போனேன். எழுபது கிலோமீட்டர். காலை ஆறரைக்கு ஏறிய ரயில் எட்டரைக்குச் சேர்ந்தது.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டியவர் அங்கேயே சாலை பஜார் என்ற கடைத்தெருவில் குடியிருக்கும் தமிழர். "ரெண்டு டாக்டரைக் காணணுமா சாரே? ஒராளு போராதோ?" என்றார்.

"வெட்டுறவரு ஒருத்தர், சுடுறவரு ஒருத்தர்" என்றேன். மனிதர் வண்டியை விரட்டினார்.

அன்று செவ்வாய்க்கிழமை, அறுவை டாக்டர். இந்த நிலையில் இரண்டு வழியிலும் பிழைப்பது ஏறக்குறைய ஒன்றுதான், அதற்குப் பிறகு வாழ்வதில்தான் வித்தியாசம் என்றார். அறுத்தால் சில மாதம் சிறுநீர் கசியலாம். சிலருக்கு நிற்காமலும் போகலாம். "தாம்பத்தியம்" என்று அவர் தொடங்கியதும், செல்வியைத் தண்ணீர் வாங்க வெளியே அனுப்பிவிட்டேன். அறுவையில் அது உடனே அடிபடும், கதிர்வீச்சில் மெல்ல மெல்லக் குறையலாம் என்பதை நான் மட்டும் கேட்டுக்கொண்டேன், அதெல்லாம் அச்சிட்ட தாளையும் வாங்கிப் பைக்குள் வைத்தேன். கதிர்வீச்சுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். அவளுக்குப் பாதிப் புருஷனாகிவிடுவேனோ என்ற பயம்.

புதன்கிழமை லாட்ஜில் சும்மா கிடப்பானேன் என்று பொன்முடி மலைக்கு பஸ் ஏறினோம். அறுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், இருபத்திரண்டு கொண்டையூசி வளைவு. மேலே போகப் போகப் பனி இறங்கியது. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. உச்சியில் இறங்கியதும் பக்கத்தில் நின்ற செல்வி வெறும் நீலச் சேலையாகத் தெரிந்தாள், பிறகு அதுவும் இல்லை. என் நோய்கூட யாருக்கோ வந்த சங்கதிபோல் தள்ளிப் போயிருந்தது.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "டாக்டரு தந்த தாளைப் பைக்குள்ள ஒளிச்சு வச்சீங்களே, நேத்தே வாசிச்சாச்சு. எனக்காண்டி ஒண்ணும் முடிவு பண்ணாண்டாம்."

முகம் தெரிந்திருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள், நானும் நின்று கேட்டிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை கதிர்வீச்சு டாக்டர். வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் வர வேண்டும். சிலருக்குக் குடல் எரிச்சல், மலத்தில் ரத்தம் வரலாம் என்றார். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் செல்வி சொன்னாள்: "மத்ததெல்லாம் இருந்தாலும் இல்லாட்டாலும் சாரமில்ல, பரவால்ல சார். முழிச்சுக் கைநீட்டினா இவரு பக்கத்துல கிடக்கணும்."

அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். பாதிப் புருஷன் என்ற பயம் விலகியதும் என் மனசு எதைக் கேட்கிறது என்று தெரிந்தது. கட்டி உடம்புக்குள் இருக்கிறது என்ற நினைப்போடு என்னால் நாள் கடத்த முடியாது. அறுத்துவிடலாம் என்றேன். இது என் முடிவு. உங்களுடையது வேறாக இருக்கலாம்.

போகிறவர்களுக்கு: இரண்டு டாக்டரையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். சிகிச்சை இல்லாமல் கண்காணித்துவர முடியுமா என்றும் கேளுங்கள். பொன்முடிக்கு பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். துணைக்கு வந்தவரை அறைக்குள்ளேயே உட்கார வையுங்கள்.

அடுத்த மாதம் ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது. இப்போது இரண்டு பேருமாகப் பயந்துகொண்டிருக்கிறோம்.