நடுவில் இறங்கும் அந்த இடம்

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து என் அக்கா மகன் குமார் வந்தான். வந்தவன் சும்மா வந்திருக்கலாம். ஒரு சாக்லெட் பாக்கெட், ஒரு தலைவலித் தைலம்... யார் வேண்டாமென்றது? அவன் கொண்டுவந்தது ஒரு சிடி.

"மாமா, உங்க கேசட் பேண்டைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றான்.

விஷயம் இதுதான். ஜாஸையும் ராக்கையும் கலந்து பார்த்த முதல் ஆட்களில் இங்கிலாந்துக் குழு ஒன்று உண்டு. அவர்களுடைய முதல் ஆல்பம் பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில், கேசட் கடை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. யாரோ கப்பல்காரர் விட்டுப்போன இசைத்தட்டிலிருந்து கடைக்காரர் பதிவு செய்து கொடுத்தார். அட்டை கிடையாது, குழுவின் பெயர் கிடையாது. 'இங்கிலீஷ், பாட்டு இல்லை' என்று பர்மிய எழுத்தில் மேலே கிறுக்கியிருந்தார், அவ்வளவுதான்.

அதில் முதல் பக்கத்தின் நடுவே ஓர் இடம் வரும். ட்ரம்பெட், கிட்டார், ட்ரம்ஸ் – எல்லாம் சேர்ந்து மெல்லக் கீழே இறங்கும். சுருதியும் இறங்கும், வேகமும் இறங்கும். ஐயோ, இனி எழுந்திருக்காது என்று நினைக்கும்போது மறுபடி மேலே ஏறும். எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

என் சிநேகிதன் ஜான்சனுக்குப் பைத்தியமே பிடித்தது. ஊரின் இன்னொரு கோடியில், தின்கன்ஜூனில் இருக்கிறான், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். அந்த இறக்கத்தை வாசித்தே தீருவேன் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்தான். வலது கை மீட்ட, இடது கையால் கிட்டார் சாவியைத் திருகிக் கம்பியைத் தளர்த்தி, திரும்ப முறுக்கி... எத்தனை கம்பி அறுந்ததென்று அவன் மனைவியைக் கேளுங்கள். இங்கிலீஷ்காரன் வாசித்ததை ஒரு சுரம் பிசகாமல் வாசிக்கிறவன் ரங்கூனிலேயே தான் ஒருத்தன்தான் என்பான். நானும் தலையாட்டுவேன்.

கீர்த்தனையும் சினிமாப் பாட்டும் மட்டுமே கேட்டுப் பழகிய சர்ச் ஹாலில், இந்த ஞாயிறு முதன்முறையாக அதை வாசிக்க அனுமதி வாங்கியிருந்தான். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. புதுச் சட்டையும் தைத்தாகிவிட்டது.

நானும் குமாரும் சிடியைப் போட்டோம். அந்த இடம் வந்தது... போயே போய்விட்டது. இறங்கவே இல்லை! திரும்பப் போட்டேன். ம்ஹூம்.

யோசித்தபோதுதான் உறைத்தது. அன்று கடையில் டேப் ஓடியது கார் பேட்டரியில். இசைத்தட்டு சுழன்றதோ கரண்டில். நடுவில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, தட்டு மெதுவாகச் சுழன்று சுருதியும் இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் நான் கண் கலங்கியது வோல்டேஜுக்காக! இரண்டையும் பேட்டரியில் ஓட்டித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த மனிதர்?

குமார் விடுகிறானா? ஜான்சன் மாமாவிடம் சொல்லியே ஆக வேண்டுமாம். தப்பானதை மேடையில் வாசிக்கலாமா என்று கேட்கிறான். சிங்கப்பூரில் கொஞ்ச நாள் இருந்தால் எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும் இவர்களுக்கு. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது – அதுதான் எனக்கு எரிச்சலே. சொல்லத்தான் பஸ் ஏறினேன். ஜான்சன் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் காட்டினான். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. ஹால் நிறையக் கூட்டம். கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஜான்சன் வாசித்தான். அருமையாகத்தான் வாசித்தான். அந்த இடம் வந்தது. சாவியைத் திருகினான், சுரம் இறங்கியது. பின்வரிசையில் ஓர் அம்மா கைவிசிறியைத் தேட ஆரம்பித்தார். ஒருவர் ஸ்டெபிலைசரைப் பார்க்க ஓடினார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? கம்பி முறுகி, சுரம் மேலே ஏறியதுதான் தாமதம், மொத்த ஹாலும் சேர்ந்து கத்தியது.

"மீ லாபீ!"

பர்மிய மொழியில் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா சொல்லப் பழகும் முன்பே இதைக் கத்தப் பழகிவிடும். கத்தியதோடு கைதட்டல் வேறு, சிரிப்பு வேறு.

ஜான்சனின் கை நின்றது. நேராக என்னைப் பார்த்தான். கம்பி ஓசையோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன், அவனுக்கா புரியாது? எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. பிறகு குனிந்து, மீதியை வாசித்து முடித்தான்.

வெளியே வந்ததும் குமார் – சொன்னால் கேட்கிற பிள்ளையா? – தன் சிடி பிளேயரின் ஹெட்ஃபோனை ஜான்சன் காதில் மாட்டிவிட்டான். அவன் கண்ணை மூடிக் கேட்டான். அந்த இடம் வந்து, போனது முகத்திலேயே தெரிந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகக் கழற்றினான்.

"நல்லாத்தான் வாசிக்கிறாங்க மச்சான்" என்றான். "பாவம்... அவங்க ஊர்ல கரண்டே போவாது போல."