நெருப்பு என் கைக்கு வந்த வாரம்

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. போன வருஷம் ஸ்கூல்ல ஒரு வாரம் கேம்ப் கூட்டிட்டுப் போனாங்க. போன் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கிளம்புற அன்னைக்குக் கைக்குழந்தையை ஒப்படைக்கிற மாதிரி தன் போனை என் கையில வெச்சா.

"அம்மா, இவளுக்கு மட்டும் தினமும் ஒரு போட்டோ அனுப்பு. அங்கேயிருந்தும் ஒண்ணு வரும். ஒரு நாள் விட்டாலும் இந்த ஆப்ல அவ பேர் பக்கத்துல எரியற நெருப்புப் படம் அணைஞ்சிடும். ஏழாவதுல இருந்து எரியுதும்மா."

'இவ'ன்னா அவ கூடப் படிக்கிற ரிச்சர்ட்ஸ் டவுன் ஸ்நேகிதி. நான் பார்த்ததே இல்ல.

"என்னடி அனுப்பறது?"

"எதையாவது. சீலிங், பாதி நெத்தி. முழு மூஞ்சி வேணாம், மானம் போயிடும்."

சரின்னு சீலிங்கை அனுப்பினேன். ஒரு ஃபேன் வந்துச்சு. மறுநாள் என் பாதி நெத்தி. பொட்டை எடுத்துட்டுத்தான் எடுத்தேன், சின்னப் பொண்ணுன்னு நம்பணுமே. பதிலுக்கு வந்த நெத்தியில புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, ஓரத்துல நாலு நரை. அடப்பாவமே, இந்த வயசுலயே நரையான்னு வருத்தப்பட்டுக்கிட்டே சாதம் வடிச்சேன். பாதி வடிக்கும்போதுதான் என் மரமண்டைக்கு உறைச்சுது. அந்தப் பொண்ணும் அதே கேம்ப்புக்குத்தானே போயிருக்கா!

சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். துணிஞ்சு, பொங்கி வழிஞ்ச இட்லி மாவை அனுப்பினேன். அங்கேயிருந்து அடி கருகின கேக் வந்துச்சு. அப்புறம் எனக்குக் கூச்சமே போச்சு. தலைக்கு டை, காயாத துணி, தூங்குற வீட்டுக்காரரோட கால், எல்லாம் போச்சு, வந்துச்சு. ஒரு வார்த்தை பேசிக்கல. ஊரை விட்டு அடுகோடிக்குக் குடிவந்ததுல இருந்து நான் யாரோடயும் இப்படிச் சிரிச்சதில்ல.

கடைசி நாள் காலையில போன கரண்ட் சாயங்காலம் வரைக்கும் வரல. போனும் செத்துப் போச்சு. அன்னைக்கு இன்னும் எதுவும் அனுப்பல. நைட்டி மேல துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு ஜெனரேட்டர் ஓடுற லேத் பட்டறைக்கு ஓடினேன்.

"அண்ணா, ஸ்வல்ப சார்ஜ் ஹாக்கி கொடி. பொண்ணு விஷயம்." கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுங்கன்னு எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல கேட்டேன்.

அவர் பதறிப்போய்த் தன் போனைப் பிடுங்கிட்டு என்னுதைச் சொருகினார். உயிர் வந்ததும் லேத் மிஷினும் தெரியற மாதிரி என் பாதி நெத்தியை அனுப்பினேன், இந்தத் தடவை பொட்டோட.

மறுநாள் ஸ்கூல் கேட்ல பஸ்ஸுக்கு நின்னப்போ கூட்டத்துல அந்தத் தழும்பு தெரிஞ்சுது. நான் கையால மூஞ்சியைப் பாதி மறைச்சுக் காட்டினேன். அந்தம்மாவும் மறைச்சாங்க. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

பஸ் வந்துச்சு. பொண்ணுங்க ரெண்டும் பையைக்கூடக் கீழ வெக்காம எங்க கையில இருந்து போனைப் பிடுங்கிச்சுங்க.

"அப்பாடா, எரியுது. தேங்க்ஸ்மா. இனிமே நாங்களே பாத்துக்கறோம்."

நானும் அந்தம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். வெறுங்கையோட நின்னது எனக்கு என்னவோ போல இருந்துச்சு.

"உங்களுது எரியட்டும்டி"ன்னேன். "அப்ப எங்களுது?"