கழுதை இன்னும் திரும்பவில்லை

தொலைபேசி அடித்தால் மம்தூஹ் உடனே எடுப்பதில்லை. தேநீர்க் கோப்பையைச் சின்னத் தட்டால் மூடுவார். பிறகுதான் எடுப்பார். வேலைக்குச் சேர்ந்து எதிர் மேசைக்கு வந்த நாளிலிருந்து இனாஸ் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சூடு ஆறுவதற்குள் வாடிக்கையாளரின் கோபம் ஆறிவிடும் என்பது அவர் கணக்கு.

அலெக்சாந்திரியாவில் டிராம் நிறுத்தத்துக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். ஊர்க் கடைகளின் இணையதளங்கள் அங்குள்ள கணினிகளில்தான் ஓடுகின்றன. ஏதாவது நின்றுபோனால் திரையில் ‘504’ என்ற பிழை எண் வரும். உடனே எல்லோரும் மம்தூஹைத் தேடுவார்கள். அது என்ன எண் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு கதை சொல்வார்.

“வாசல்ல ஒரு பூனை உக்காந்திருக்கு. நீங்க கேட்டதை எடுத்துட்டு வரச் சொல்லி உள்ள ஒரு கழுதையை அனுப்பிச்சு. கழுதை திரும்பலை. பூனையும் எவ்வளவு நேரந்தான் பார்க்கும்? 504-னு பலகையை மாட்டிட்டு வாலைச் சுருட்டிப் படுத்துடுச்சு.”

மீன்கடை ஹாஜி விடமாட்டார். “கழுதைக்குத் தீனி போடறது நீங்கதானே, உஸ்தாத்?”

“போட்டேன் ஹாஜி. உங்க மீனைப் பார்த்துட்டு அங்கயே நின்னுடுச்சு.”

இனாஸின் குடும்பத்தில் பட்டம் வாங்கியது அவள் ஒருத்திதான். பாடத்தில் இருந்ததை அவள் பிழையில்லாமல் சொன்னாலும், ஹாஜி கடைசியில் கேட்பது பூனைக்காரரைத்தான். படித்தது எங்கே போயிற்று என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

பூனையும் கழுதையும் முதலில் மம்தூஹ் தன் மகள் லமீஸுக்குச் சின்ன வயதில் சொன்ன கதையில் பிறந்தவை. அவள் தனக்குப் பிடித்தவனை மணந்து ஹாம்பர்க் போனபோது மம்தூஹ் வழியனுப்பப் போகவில்லை. அதன்பின் பேச்சில்லை. அவளுடைய சோப்புக் கடையின் தளம் மட்டும் இன்னும் இங்கேதான் ஓடுகிறது. வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகவும் இல்லை.

ஒரு மதியம் அந்தத் தளம் நின்றது. உள்ளே ஓடும் நிரலை மறுபடி தொடக்கிவிட ஒரு விசை போதும். இனாஸ் கை நீட்டினாள்.

“இரும்மா. கழுதை கொஞ்சம் மேயட்டும்,” என்றார் மம்தூஹ், தொலைபேசியைப் பார்த்தபடி.

எந்தத் தளம் நின்றாலும் உடனே ஓடவைத்துவிடும் மனிதர் இப்படிச் சொல்வானேன் என்று அவளுக்குப் புரியவில்லை. தொலைபேசி அடித்தது. மம்தூஹ் கோப்பையை மூடினார். கை அதற்குமேல் நகரவில்லை. இனாஸ் எடுத்தாள்.

“ஹாம்பர்க்லேர்ந்து லமீஸ். பூனை பலகையை மாட்டிடுச்சு. கழுதை ஏன் திரும்பலைன்னு சின்ன வயசுல கேட்டேன், நாளைக்குச் சொல்றேன்னார். இன்னும் சொல்லலை. அவர் இருக்காரா?”

லமீஸ் சொன்னதையெல்லாம் இனாஸ் அப்படியே மம்தூஹிடம் திருப்பிச் சொல்லிவிட்டு ரிசீவரை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டே மம்தூஹ் விசையைத் தட்டினார்.

“மன்னிக்கணும் மேடம்,” என்றார் மகளிடம். “இப்போ பாருங்க.”

“வந்துடுச்சு,” என்றது அந்தக் குரல். ஆனால் தொடர்பைத் துண்டிக்கவில்லை. “அப்புறம்?”

மம்தூஹ் தேநீரை மூடும் அதே நிதானத்தோடு ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“ஏம்மா,” என்றார் இனாஸிடம், மெல்ல. “அது ஏன் திரும்பலை?”