பன்னீர் குடித்த கார்

பேத்தியின் கலியாணம் முடிந்தபோது இரண்டு பெரிய போத்தல் பன்னீர் மிஞ்சியது. வீணாக்க மனம் வரவில்லை. காரின் முன்கண்ணாடியைக் கழுவுகிற தாங்கிக்குள் எல்லோரும் கடையில் விற்கும் நீலத் தண்ணீரை விடுவார்கள். நான் பன்னீரை விட்டேன். மார்கழி வரைக்கும் கார் மாப்பிள்ளை போல மணந்துகொண்டு ஓடியது. இந்தப் பனி நாட்டின் தை மாதக் குளிரில் பன்னீர் உறைந்து, தாங்கி வெடித்துவிட்டது.

மகளுக்கு ஏற்கெனவே என் கார்த் திறப்பில், அதுதான் சாவியில், ஒரு கண்.

"இன்னொருக்கா உந்தக் காருக்கு ஏதும் நடந்தா, திறப்பை என்னட்டைத் தந்திட்டு பஸ்ஸிலை போங்கோ அம்மா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸ் நகரிலிருந்து வருவாள். அதற்குள் தாங்கியை மாற்றியாக வேண்டும். ஒஷாவாவில் பழைய கார் உடைக்கிற இடத்தில் அதே அளவுத் தாங்கி ஒன்று கிடைத்தது.

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் வேலையைத் தொடங்கினோம். என் வீட்டுக்காரர் போனில் வீடியோவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் பேசுகிறவனின் இங்கிலீசு எனக்கு விளங்காது. அவன் கை செய்வது விளங்கும்.

"கீழை ஆர் படுக்கிறது?" என்றார் அவர்.

"நீங்கள் படுத்தா எழுப்ப ரெண்டு பேர் வேணும். விலத்துங்கோ."

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முன்சில்லுக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் மறைப்பை வெண்ணெய்க் கத்தியால் கிளப்பினேன். வயரையும் குழாயையும் கழற்றினேன். பழைய தாங்கியிலிருந்த சின்ன மோட்டாரைப் பிடுங்கிப் புதியதில் செருகினால், ரப்பர் வளையத்துக்குள் போக மாட்டேன் என்றது.

"அடிச்சு இறக்கு" என்றார்.

"காப்புப் போடேக்கை கையை அடிச்சோ இறக்கிறது? சவுக்காரத்தை எடுங்கோ."

ரப்பர் வளையத்தில் சோப்பைப் பூசினேன். வழுக்கிக்கொண்டு போய் இருந்தது. தாங்கியைப் பூட்டி நீலத் தண்ணீரை நிரப்பினேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

ஞாயிறு மகள் வந்தாள். திறப்பை வாங்கி, காரில் ஏறி, கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்துப் பார்த்தாள். சீறிக்கொண்டு வந்தது. ஆனால் மேல்குழாயில் கிடந்த பழைய பன்னீர்தான் முதலில் வந்து தொலைத்தது.

"அம்மா, ஏன் கலியாண வீடு மாதிரி மணக்குது?"

நான் கூரையைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு வாய் நிற்காது.

"கொம்மா பன்னீர் விட்டு வெடிக்க வைச்சவ. பிறகு தானே படுத்துக் கிடந்து புதுசு பூட்டினவ."

மகள் என் கறுத்த நகங்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. திறப்பை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி, வைச்சிருங்கோ. என்ரை காரிலையும் தையிலைதான் முதன்முதலா அடிச்சுப் பாத்தன், தண்ணி வருகுதில்லை. ஏனெண்டு ஒருக்காப் பாக்கிறியளோ?"

இரண்டாவது போத்தல் எந்தக் காருக்குள் போனது என்று வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

"பாக்கத் தேவையில்லை பிள்ளை" என்றேன். "கொண்டு வா, நேரை மாத்திறன்."