சைக்கிள் காலோடு வேசர் ஆற்றங்கரையில்

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் வேசர் ஆற்றோரச் சைக்கிள் பாதையில் ஹாமெல்னிலிருந்து ரின்டெல்ன் வரை தனியாகக் கிளம்பினேன். சுமார் முப்பது கிலோமீட்டர். ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை, அப்பாவோடு போட்ட பந்தயம். லைப்சிக்கில் ஆராய்ச்சி செய்ய வந்த இடத்தில் லாரி மோதி, முழங்காலுக்குக் கீழே இடது கால் போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து திருச்சிக்கு வந்துவிடு என்று ஒரே நச்சரிப்பு. கடைசியில், யார் துணையும் இல்லாமல் இந்த முப்பது கிலோமீட்டரை ஓட்டிக் காட்டு, அப்புறம் வாயே திறக்க மாட்டேன் என்றார். முடியாவிட்டால் நான் ஊர் திரும்ப வேண்டும்.

என்னைப் போன்றவர்களுக்காக வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது பெடல் தண்டு குட்டையானது, முழங்கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை. பெடலில் காந்தம், ஷூவின் அடியில் இரும்புத் தகடு. குதிகாலை வெளியே திருப்பினால் கழன்றுகொள்ளும். சைக்கிளுக்கென்றே தனிச் செயற்கைக்கால் உண்டு. அதன் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். மிதிக்க அருமை, நடக்க உதவாது. அதனால் நடக்கும் காலைத் தனியாகப் பையில் வைத்துக்கொள்வேன்.

முதல் நாள் பீலெஃபெல்டில் வாணி அக்கா வீட்டில் தங்கினேன். என் ஆய்வகத் தோழியின் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் என்னையும் வண்டியையும் காரில் ஹாமெல்னுக்குக் கொண்டுவந்து இறக்கினார். சாயங்காலம் ரின்டெல்ன் ஸ்டேஷனில் காத்திருப்பதாக ஏற்பாடு. பையை நான் மாட்டியதும் பிடுங்கிக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்த பிள்ளையைச் சுமக்க விடுறதே? இஞ்ச தாங்கோ."

வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். யாழ்ப்பாணத்து உபசரிப்பை யாரால் வெல்ல முடியும்? நடுவில் இறங்கவே போவதில்லை என்று நானும் விட்டுவிட்டேன். நடக்கும் கால் காரில் போய்விட்டது.

வானம் இருண்டு கிடந்தது. அறுத்த சோள வயல்கள், கலங்கிய ஆறு, எதிரே ஆளே இல்லை. ஆனாலும் வண்டி நன்றாகவே ஓடியது. ரின்டெல்னுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கையில் சீரமைப்பு வேலைக்காகப் பாதையை மறித்திருந்தார்கள். மாற்றுவழி, ஒரு சரளைக்கல் மேட்டில் ஏறிச் சாலைக்குப் போனது. இருநூறு மீட்டர்கூட இருக்காது. நன்றாக நடக்கிறவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பேசியபடியே ஏறிவிடுவார்கள்.

நானும் தள்ளினேன். பத்தடியில் விழுந்தேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. அந்த வழியாக வந்த ஓர் அம்மாள் உதவட்டுமா என்று கேட்டார். பந்தயத்தில் தோற்றுவிடுவேனே என்று வேண்டாமென்றேன். என்ன திமிர் பாருங்கள்! அவர் போனதும் மறுபடி எழுந்து மறுபடி விழுந்தேன். செயற்கைக்கால் பொருந்தும் இடத்தில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சேற்றில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வாணி அக்காவுக்குப் போன் செய்தேன்.

பாவம், என் காலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். காரில் ஏறியதும் தானே பிழை செய்ததாகச் சொல்லி அழுதார்.

"முழுக்கச் சைக்கிள் ஓடினனெண்டு வீட்டுக்குச் சொல்லுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரவு அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஜெயித்த மாதிரியே பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா? டிக்கெட் பாக்கட்டுமா?"

"பாருங்கப்பா."

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: முழுக்கச் சமதளம், நல்ல தார்ப்பாதை, பயப்படாமல் போகலாம். கிளம்பும் முன் எங்கே வேலை நடக்கிறதென்று விசாரியுங்கள். நடக்கும் காலை உங்கள் வண்டியிலேயே கட்டிக்கொள்ளுங்கள், எவ்வளவு அன்பானவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உதவ வருபவர்களை விரட்டாதீர்கள். என் சைக்கிள் லைப்சிக்கில் விற்பனைக்கு இருக்கிறது. இடது கால் இல்லாதவர்கள் மட்டும் கேட்கவும்.